புத்தகம் தானாகத் திறந்தே கிடக்க: கையேடுகளுக்கு ஸ்பைரல் பைண்டிங் போடுவது எப்படி

தையல் மெஷினில் நூல் கோக்கும் படம் கையேட்டின் நடுவில் எங்கோ இருக்கும். ஒரு கையில் நூல், மறு கை மெஷின் சக்கரத்தில். புத்தகத்தை விரித்து, மூடாமல் இருக்க மேலே கத்தரிக்கோலைப் பாரமாக வைப்போம். நூல் இரண்டாவது கொக்கியைத் தாண்டுவதற்குள் கத்தரிக்கோல் சறுக்கும், புத்தகம் பட்டென்று மூடிக்கொள்ளும். மறுபடி பக்கத்தைத் தேட வேண்டும். கிடார் பழகுகிறவர், பைக் என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்பவர், ஊசியும் நூலுமாகப் பின்னல் போடுகிறவர், எல்லாருக்கும் இதே பாடுதான்.

கோளாறு நம் கையில் இல்லை. புத்தகம் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. பேப்பர்பேக் புத்தகங்களில் பெரும்பாலானவை தாள்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டியவை. பசை ஆறி இறுகியதும் அது வளைய மறுக்கும் ஒரு பட்டையாகிவிடுகிறது. எவ்வளவு விரித்தாலும் தாள்களைத் தன் பக்கமே இழுக்கும். முரட்டுத்தனமாக அழுத்தினால் முதுகு வெடித்துப் பக்கங்கள் உதிரும். சாய்ந்து உட்கார்ந்து படிக்கிற நாவலுக்கு இது போதும். மேசையில் விரிந்து கிடக்க வேண்டிய கையேட்டுக்கு ஒத்துவராது.

முதுகை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் ஓட்டை போட்டு, சுருளை ஏற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. வேலை கடினமானதும் இல்லை. ஆனால் வெட்டிய முதுகை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு ஸ்கேலோடு, கால் பங்குதான் கத்தியோடு. நான் இதைத் தலைகீழாகச் செய்து பாழாக்கிய புத்தகம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பைக் சர்வீஸ் கையேடு அது. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அட்டவணை ஓர் இடதுபக்கத்தில் இருந்தது. அட்டவணையின் கடைசிப் பத்தி சரியாக உள் ஓரத்தில். ஓட்டைகள் போட்டு முடித்துப் பார்த்தால், 25 என்று இருந்த இடத்தில் 2 மட்டும் இருந்தது. 5 ஓட்டையோடு போய்விட்டது.

எந்தப் புத்தகத்தைத் தொடவே கூடாது

இரவல் வாங்கியது, நூலகத்துடையது, கையெழுத்துப் போட்டு வாங்கியது, இனி அச்சில் கிடைக்காதது: இவற்றில் கை வைக்காதீர்கள். பின்னால் விற்கலாம் என்று நினைக்கும் புத்தகமும் வேண்டாம், வெட்டியதற்கு மதிப்பு இறங்கிவிடும். தாள் பழுத்து, மூலையை மடக்கினால் ஒடிகிற அளவுக்குப் போன பழைய புத்தகங்களுக்கும் இது ஆகாது. ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பாலங்கள் நாலு முறை பக்கம் திருப்புவதற்குள் கிழியும்.

அடுத்து, புத்தகத்தின் தலைப்பக்கத்தை, அதாவது முதுகின் மேல் முனையை, உற்றுப் பாருங்கள். தாள்கள் ஒரே கட்டையாக, இடைவெளி இல்லாமல் பசைக்குள் நின்றால் அது வெறும் பசை பைண்டிங். கவலையில்லாமல் வெட்டலாம். சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, ஒரு கட்டின் நடுவே விரித்தால் நூல் தெரிகிறதா? அது தைத்த புத்தகம். அதையும் வெட்டலாம், ஆனால் தைத்த புத்தகம் பழகப் பழகத் தானே நன்றாக விரியும், ஆயுளும் அதிகம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். நடுவில் ஸ்டேப்பிள் அடித்த மெல்லிய கையேடு என்றால் முள்ளை எடுத்துவிட்டு மடிப்பில் வெட்டினால் போதும்.

சில கையேடுகளைத் தயாரித்தவர்களே பிடிஎஃப் ஆகவும் கொடுத்திருப்பார்கள். அது கிடைத்தால் புத்தகத்தை வெட்டும் பேச்சே வேண்டாம். உள் ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அச்சிட்டு, அந்தத் தாள்களுக்கு பைண்டிங் போடலாம்.

உள் ஓரத்தை அளப்பது

இதுதான் முழு வேலையின் உயிர். எழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம் எவ்வளவு என்று தெரியாமல் கத்தியைத் தொடக்கூடாது.

புத்தகத்தை விரித்து நடுப் பள்ளத்தில் ஸ்கேலைச் செருகி அளக்கத்தான் முதலில் தோன்றும். அந்த அளவை நம்ப முடியாது. தாள் வளைந்து இருக்கும், ஸ்கேல் அடிவரை போகாது. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் ஸ்கேல்களில் பூஜ்யத்துக்கு முன்னால் சிறிது இடம் விட்டிருப்பார்கள். அதனால் வெளியிலிருந்து உள்ளே அளக்க வேண்டும். மூடிய புத்தகத்தில் முதுகிலிருந்து வெளி ஓரம் வரை அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 210 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு வலதுபக்கத்தைத் திறந்து, வெளி ஓரத்திலிருந்து வரிகளின் முதல் எழுத்து வரை அளங்கள். 192 மி.மீ. வந்தால், மீதி 18 மி.மீ.தான் உங்கள் கையிருப்பு.

ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும். புத்தகத்தின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் அளங்கள். இடதுபக்கங்களில் வரியின் கடைசி எழுத்துதான் உள் ஓரத்தில் இருக்கும் என்பதால் அங்கேயும் அளக்க வேண்டும். அட்டவணைகள், படங்களின் பெயர்க் குறிப்புகள், ஓரக் குறிப்புகள் ஆகியவை சாதாரண வரிகளைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கும். புத்தகம் முழுவதையும் ஒரு முறை புரட்டி, மிக மோசமான பக்கம் எது என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பக்கத்தின் அளவுதான் கணக்கு.

இனி செலவைக் கூட்டுவோம். முதுகோடு போவது 4 மி.மீ. வெட்டிய ஓரத்துக்கும் ஓட்டைக்கும் நடுவே விட வேண்டியது 3 மி.மீ. ஓட்டை 4 மி.மீ. அதற்கப்புறம் கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க 3 மி.மீ. மொத்தம் 14. உள் ஓரம் 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். 11க்கும் 14க்கும் நடுவே என்றால் முடியும், ஆனால் வெட்டாமல் பசையை இளக்கிப் பிரிக்கும் வழியில் போக வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். 11க்கும் கீழே என்றால் விட்டுவிடுங்கள். அகலமான சட்டத்தில் நிறுத்திக் கிளிப் போட்டுப் படிப்பதே மேல்.

மேல் ஓரத்தில் இடம் நிறைய இருக்கிறதே, நாள்காட்டி மாதிரி மேலே பைண்டிங் போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். போடலாம், ஆனால் தாளைத் தூக்கி மறுபுறம் போட்டால் பின்பக்கம் தலைகீழாக இருக்கும். இருபுறமும் அச்சிட்ட புத்தகத்துக்கு அது உதவாது.

இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே போகும் படங்களையும் இப்போதே தேடிக்கொள்ளுங்கள். மின்சுற்று வரைபடம், பின்னல் கட்டப்படம், பெரிய அட்டவணை போன்றவை நடுவில் சில மில்லிமீட்டரை இழக்கும். நடுப்பகுதியில் முக்கியமான கோடு எதுவும் இல்லையென்றால் பரவாயில்லை. இருந்தால், வெட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே தாளாகச் சேர்த்துக் கடைசியில் செருகலாம்.

எந்தச் சுருள்

கடையில் போய் ஸ்பைரல் என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களில் எதையாவது போட்டுக் கொடுப்பார்கள். மூன்றும் ஒன்றல்ல.

ஒரே நீளச் சுருளாக ஓட்டை ஓட்டையாகத் திருகி ஏறுவது பிளாஸ்டிக் காயில். அங்குலத்துக்கு 4 ஓட்டை, அதாவது கிட்டத்தட்ட 6.35 மி.மீ.க்கு ஒன்று என்பது இதில் பரவலான அளவு. ஏ4 உயரத்துக்கு 46, 47 ஓட்டை வரும். புத்தகத்தை முழுவதுமாகப் பின்னுக்கு மடிக்கலாம், பையில் நசுங்கினாலும் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். பட்டறை மேசை, தையல் மேசை, கிடார் ஸ்டாண்டு என்று கண்ட இடத்திலும் போட்டு எடுக்கிற கையேட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே ஒரு குறை உண்டு. சுருள் சாய்வாக ஏறுவதால், விரித்து வைத்தால் இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஒன்று மற்றதைவிட 3 மி.மீ. போல ஏறி இறங்கி இருக்கும். சாதாரண எழுத்துக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஓடும் கட்டப்படத்தில் வரிசை மாறிப்போகும்.

அந்த மாதிரிப் புத்தகங்களுக்கு வைரோ. இரட்டைக் கம்பி வளையங்கள் வரிசையாக நிற்கும், பக்கங்கள் மட்டம் பிசகாது, பார்க்கவும் அழகு. மெல்லிய புத்தகங்களுக்கு அங்குலத்துக்கு 3 ஓட்டை, தடிமனானவற்றுக்கு அங்குலத்துக்கு 2 ஓட்டை. இரண்டுக்கும் ஓட்டை போடும் பஞ்ச் மெஷின் வேறு, ஒன்றில் போட்ட ஓட்டைக்கு மற்றதன் கம்பி ஏறாது. உலோகம் என்பதால் ஒரு முறை மிதிபட்டு வளைந்தால் வளைந்ததுதான்.

மூன்றாவது சீப்பு பைண்டிங். நீள்சதுர ஓட்டைகள், ஏ4க்கு 21 வளையம். மெஷினில் வைத்து வளையங்களைத் திறந்து தாளைச் சேர்க்கலாம், எடுக்கலாம். புதுத் தாள்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் கையேட்டுக்கு இது நல்லது. ஆனால் பின்னுக்கு மடியாது, வேகமாகத் திருப்பினால் வளையத்திலிருந்து தாள் நழுவும். மேசையை விட்டு நகராத புத்தகம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

சுருளின் அளவுக்குத் தாள்களை எண்ண வேண்டாம். அட்டைகளையும் சேர்த்து அடுக்கை லேசாக அழுத்தித் தடிமனை அளந்து, 3 மி.மீ. கூட்டுங்கள். சாதாரண அச்சுத் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. 360 பக்கம் என்றால் 180 தாள், 18 மி.மீ. அட்டைகளுக்கு 1 மி.மீ. சேர்த்தால் 19. ஆக 22 மி.மீ. சுருள். கச்சிதமாக இருக்கட்டுமே என்று 20 போட்டால் பக்கங்கள் திரும்பும்போது முரண்டு பிடிக்கும். அதற்காக 30 போட்டால் உள்ளே தாள்கள் அலைந்து ஓட்டைகள் பெரிதாகும்.

காயிலில் 50 மி.மீ. வரை கிடைக்கும். கிடைக்கிறது என்பதற்காகப் போட வேண்டாம். அவ்வளவு பெரிய வளையத்தில் பக்கம் திருப்புவது ஒரு தனி உடற்பயிற்சி. 25 மி.மீ.க்கு மேல் போனால் அத்தியாயம் முடியும் இடம் பார்த்து இரண்டு பாகமாக்குங்கள். பொருளடக்கத்தையும் கடைசியில் இருக்கும் சொல்லடைவையும் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பாகத்திலும் வைத்தால் தேடும் வேலை மிச்சம்.

முதுகை எடுப்பது

கத்தி எடுக்கும் முன் ஒரு சின்ன வேலை. புத்தகத்தை மூடி இறுக்கிப் பிடித்து, அடிப்பக்கத் தாள் விளிம்புகளின் மேல் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போடுங்கள். பின்னால் தாள்கள் தனித்தனியான பிறகு, ஒரு தாள் இடம் மாறினாலோ புரண்டாலோ அந்தக் கோடு அங்கே உடைந்து காட்டிக்கொடுக்கும். பக்க எண் இல்லாத படத்தாள்கள் இருக்கும் கையேடுகளில் இந்தக் கோடு எத்தனையோ முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

எளிய வழி, பெரிய கட்டிங் மெஷின் இருக்கும் கடையில் கொடுப்பது. முழுப் புத்தகத்தையும் ஒரே வெட்டில் நேராக வெட்டிவிடும். முன் அட்டையில் முதுகிலிருந்து 4 மி.மீ. தள்ளிப் பென்சில் கோடு போட்டுக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் 4 என்பது 6 ஆகும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: மற்ற மூன்று ஓரங்களையும் வெட்டக் கூடாது. பைண்டிங் பழக்கத்தில் நாலு பக்கமும் சீர் செய்து கொடுத்துவிடுவார்கள். வெளி ஓரத்தில் அத்தியாய அடையாளங்கள் அச்சிட்டிருந்த ஒரு புத்தகத்தை அப்படித்தான் ஒரு கடையில் மொட்டையடித்துக் கொடுத்தார்கள். தப்பு என்னுடையதுதான், நான் சொல்லவில்லை.

வீட்டிலேயே வெட்டுவதென்றால் பொறுமை வேண்டும். முதலில் அட்டை. முன் அட்டையைத் திறந்து, முதுகை ஒட்டிய மடிப்பில் கட்டரால் கீறி எடுங்கள். பின் அட்டையும் அப்படியே. முதுகுப் பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்து, புத்தகத்தை 25, 30 தாள்களுக்கு ஒரு இடமாக அகல விரித்து, தெரிகிற பசைக் கோட்டில் உள்ளிருந்து கீறினால் புத்தகம் சிறு கட்டுகளாகப் பிரியும். ஒரு கட்டை எடுத்து, வெட்டுப் பலகை மேல் வைத்து, ஸ்டீல் ஸ்கேலை 4 மி.மீ. கோட்டில் கிளிப்பால் இறுக்குங்கள். ஸ்கேல் எழுத்து இருக்கும் பக்கமாக இருக்கட்டும். கத்தி விலகினால் கழிவுப் பட்டையில் போகும், வரிகளின் மேல் ஏறாது.

புது பிளேடு. லேசான கை. ஒரே இழுப்பில் 20 தாளை அறுக்க நினைத்தால் கத்தி சாயும், மேல்தாள் சரியாகவும் அடித்தாள் ஒரு மி.மீ. அகலமாகவும் வரும். கத்தியை நட்டக்குத்தலாகப் பிடித்து, எழுதுகிற அழுத்தத்தில் திரும்பத் திரும்ப இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டு மூன்று தாள் விடும். அந்தச் சத்தமே மாறும், கேட்டுப் பழகிவிடும். ஸ்கேலைப் பிடிக்கும் கையின் விரல்கள் விளிம்பைத் தாண்டி நீளக் கூடாது. கைப்பிடி வைத்த சிறிய பேப்பர் கட்டர் இருந்தால் 10 தாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதிகம் வைத்தால் கத்தி இறங்கும்போது அடுக்கு நழுவி, வெட்டு கோணலாகும்.

இப்போது உள் ஓரம் குறைவான புத்தகங்களுக்கான வழி. பசை பெரும்பாலும் இவிஏ எனப்படும் சூட்டில் இளகும் வகை. ஹேர் டிரையரை முதுகுக்கு மட்டும் காட்டி, பசை இளகியதும் தாள்களை ஒவ்வொன்றாக, முதுகுக்கு நேர் எதிர்த் திசையில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு மி.மீ. கூட வீணாகாது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் பசையை மட்டும் 1 மி.மீ. சீவினால் போதும். 3 மி.மீ. மிச்சம், அது 12 மி.மீ. ஓரத்துக்கு உயிர் கொடுக்கும். எவ்வளவு சூடு காட்டியும் பசை அசையவில்லை என்றால் அது பியூஆர் வகையாக இருக்கலாம். அது ஒரு முறை இறுகினால் சூட்டுக்கு இளகாது, விட்டுவிடுங்கள். பக்கங்களின் மேல் சூட்டைக் காட்ட வேண்டாம். லேசர் அச்சின் டோனர் இளகி அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எந்த வழியில் பிரித்தாலும், அடுத்த வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு தாளாக விரித்துப் பார்ப்பது. சீட்டுக்கட்டு மாதிரி விசிறினால் போதாது, விரலால் தாளுக்குத் தாள் பிரிக்க வேண்டும். பசை சில இடங்களில் 4 மி.மீ.யைத் தாண்டி உள்ளே ஊறியிருக்கும். அப்படி ஒட்டிய இரண்டு தாள்கள் பஞ்ச் மெஷினுக்குள் ஒன்றாகப் போய், சுருளும் ஏறிய பிறகு, திருப்பும்போது டர்ரென்று கிழியும். இந்த வேலை அலுப்பாக இருக்கும். செய்துவிடுங்கள்.

மடித்து வைத்த நீளப் படத்தாள் இருந்தால் அதைத் தனியே எடுத்து மறுபடி மடியுங்கள். ஓட்டை விழும் இடத்தில் ஒற்றைத் தாளாக இருக்க வேண்டும், முதல் மடிப்பு ஓட்டைகளைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும். வெளிமடிப்பு மற்ற தாள்களின் ஓரத்தைவிட 5 மி.மீ. உள்ளே நிற்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை யாராவது ஓரத்தைச் சீர் செய்யும்போது மடிப்போடு போய்விடும்.

ஓட்டை போடுவது

ஸ்பைரல் பஞ்ச் மெஷின் வீட்டில் இருப்பவர்கள் குறைவு. பிரித்து, அடுக்கி, வரிசை பார்த்து முடித்த பிறகு ஓட்டைக்கும் சுருளுக்கும் மட்டும் கடைக்குப் போவதே பலருக்கும் நல்லது. கடைக்குப் போனாலும், அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயங்கள் இவை.

முதலில் அதே அளவு வெற்றுத்தாளில் ஓட்டை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளிலும் கவனியுங்கள். கடைசி ஓட்டை தாளின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ பாதியாக விழுந்தால், அந்த முனையில் சுருள் பிடிக்காது, தாள் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். கையேடுகள் எல்லாமே ஏ4 ஆக இருப்பதில்லை என்பதால் இது அடிக்கடி நடக்கும். பக்கவாட்டுத் தடுப்பை ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தினாலோ, மெஷினின் முனையில் இருக்கும், ஓட்டை குத்தும் பின்னை இழுத்து விலக்கினாலோ சரியாகிவிடும். பிறகு அந்த ஓட்டை போட்ட வெற்றுத்தாளை உங்கள் மோசமான பக்கத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எந்த எழுத்தாவது ஓட்டைக்குள் தெரிகிறதா? என் 25ஐ இந்த ஒரு நிமிடம் காப்பாற்றியிருக்கும்.

ஒரு தடவைக்கு 10 முதல் 15 தாள். மெஷின் 20 தாங்கும் என்று எழுதியிருக்கலாம், வழவழப்பான கனத் தாளுக்கு அது செல்லாது. ஒவ்வொரு கட்டையும் முதுகு ஓரம், அடி ஓரம் இரண்டையும் மேசையில் தட்டிச் சீராக்கி, எப்போதும் ஒரே முகம் மேலே இருக்கும்படி செருகுங்கள். ஒரு கட்டு மட்டும் புரண்டு போனால் அதன் ஓட்டைகள் மற்றவற்றோடு சேராது. முடிந்த கட்டுகளை வரிசையாகக் கவிழ்த்து அடுக்கி வாருங்கள், கடைசியில் மொத்தமாகத் திருப்பினால் புத்தகம் வரிசையில் இருக்கும். நடுநடுவே ஓட்டைத் துணுக்குகள் சேரும் தட்டைக் காலி செய்யுங்கள், அது நிரம்பினால் பின்கள் திணறும்.

முதல் இரண்டு தாளும் கடைசி இரண்டு தாளும்தான் முதலில் கிழியும். அவற்றின் உள் ஓரத்தில், ஓட்டை போடுவதற்கு முன்பே, ஒரு பட்டை செல்லோடேப்பை ஒட்டிவிடுங்கள். அடிக்கடி திறக்கிற பக்கம் எது என்று உங்களுக்குத் தெரியுமே, அதற்கும் ஒட்டலாம். எல்லாத் தாளுக்கும் ஒட்டினால் டேப்பின் பசை பின்களில் அப்பிக்கொள்ளும், புத்தகமும் முதுகுப் பக்கம் மட்டும் உப்பும்.

அட்டைகளைத் தனியாகப் பஞ்ச் செய்யுங்கள். பழைய அட்டையை லேமினேட் செய்து போடலாம். அல்லது அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும், கடைசியில் ஒரு தடித்த அட்டையும் வைக்கலாம். பின் அட்டை விறைப்பாக இருந்தால் மடியில் வைத்தும் பார்க்கலாம். பிளாஸ்டிக் ஷீட்டை வெறுமனே கொடுத்தால் ஓட்டை ஓரம் பிசிறும், இரண்டு தாளுக்கு நடுவே வைத்துக் கொடுத்தால் சுத்தமாக வரும். கோடு போட்ட வெற்றுத்தாள்கள் ஒரு பத்தைக் கடைசியில் சேர்க்க இதுதான் சமயம். எண்ணெய் மாற்றிய தேதி, தையல் அழுத்த அளவு, எந்த ஸ்க்ரூ எங்கே மிஞ்சியது என்றெல்லாம் எழுத இடம் கிடைக்கும்.

பஞ்ச் மெஷினே கிடைக்காத இடத்தில் இருக்கிறவர்கள், தாள் அடுக்கை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, ஓரத்தில் மூன்று நாலு ஓட்டை டிரில் செய்து, திறந்து மூடும் உலோக வளையங்களை மாட்டலாம். சுருளின் அழகு இல்லை, ஆனால் புத்தகம் விரிந்து கிடக்கும். நமக்கு வேண்டியது அதுதானே.

சுருளை ஏற்றுவது

பிளாஸ்டிக் காயிலைக் கீழ் முனையிலிருந்து ஏற்றத் தொடங்கி முதல் நாலைந்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் திருகுங்கள். அது பிடித்துக்கொண்டால், புத்தகத்தை மேசை ஓரத்தில் முதுகு வெளியே தெரியும்படி வைத்து, உள்ளங்கையால் சுருளை உருட்டினால் தானே ஓடும். நடுவில் மாட்டினால் தள்ளாதீர்கள், அங்கே ஒரு தாள் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஊசியை ஓட்டைக்குள் விட்டுத் தாள்களை நேராக்கினால் வழி விடும். தடிமனான புத்தகத்தில் ஓட்டைகள் நேராகவும் சுருள் வளைவாகவும் இருப்பதால் ஏறவே ஏறாது. அதற்கு, அடுக்கின் முதுகுப் பக்கத்தை ஒரு உருண்டையான குழாயின் மேல் சாய்த்து லேசாக வளையுங்கள். தாள்கள் படிப்படியாக விலகி, ஓட்டைகளும் சுருளின் வளைவுக்கு வந்துவிடும்.

இரண்டு முனைகளிலும் சில மி.மீ. விட்டு வெட்டி, நுனியை உள்பக்கமாக மடக்கினால் சுருள் கழன்று வராது. இதற்கென்றே வெட்டி மடக்கும் குறடு உண்டு. இல்லையென்றால் கட்டிங் பிளேயரால் வெட்டி, மூக்குக் குறடால் மடக்கலாம். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கீறும், பையில் துணியை இழுக்கும்.

வைரோ என்றால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பியின் திறந்த வாய் மூடும் இடத்தில் ஒரு தையல் மாதிரிக் கோடு தெரியும். பின் அட்டையை அதன் இடத்தில் வைக்காமல், முன் அட்டைக்கு மேலே, உள்முகம் வெளியே தெரியும்படி கோத்து மூடுங்கள். மூடிய பிறகு அந்த அட்டையை மட்டும் சுற்றிப் பின்னால் கொண்டுபோனால், கோடு கடைசித் தாளுக்கும் பின் அட்டைக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். அழுத்தும்போது வளையம் வட்டமாக வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் நீள்வட்டமாகிப் பக்கம் சிக்கும், குறைத்தால் இடைவெளியில் தாள் நழுவும்.

முடித்த பிறகு

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு தாளாக ஒரு முறை திருப்புங்கள். எங்காவது இழுத்தால் அங்கே ஓட்டையில் துணுக்கு ஒட்டியிருக்கும், எடுத்துவிடுங்கள். ஒரு தாள் தலைகீழாகப் போயிருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும். காயில் என்றால் முனையை நிமிர்த்தி, எதிர்ப்பக்கமாகத் திருகிக் கழற்றிச் சரி செய்யலாம்.

அலமாரியில் நிறுத்தும்போதுதான் ஒரு சங்கடம் தெரியும். சுருளுக்கு முதுகு இல்லை, முதுகு இல்லாத புத்தகத்துக்குப் பெயரும் இல்லை. நாலைந்து கையேடுகளுக்கு இப்படிச் செய்துவிட்டால் எது எதுவென்று தெரியாமல் எல்லாவற்றையும் உருவிப் பார்க்க வேண்டியிருக்கும். எடுத்து வைத்த பழைய முதுகுப் பட்டைக்கு வேலை இங்கேதான். பின் அட்டையின் உள்பக்கத்தில், வெளி ஓரத்துக்கு வெளியே விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி அதை ஒட்டி, மேலே டேப் போட்டுவிடுங்கள். சுருள் உள்பக்கம் போகும்படி புத்தகத்தை நிறுத்தினால், தலைப்பு வெளியே தெரியும். படுக்கவைத்து அடுக்குவதானால் ஒன்றின் சுருள் இடப்பக்கம், அடுத்ததன் சுருள் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள், அடுக்கு ஒரு பக்கமாகச் சரியாது.